வானத்தை மூடியவர்கள் எங்கள் வேன் வாடகையைக் கட்டுவதில்லை

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் மருமகன், அக்காவின் மகன், விமானத்துக்குக் காத்துத் தரையில் படுத்திருந்த படத்தைப் போட்டிருந்தேன். அதன் கீழே ஒருவர் எழுதியதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "எங்கோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டால் இவருக்கு என்ன ஒப்பாரி? இரண்டு நாள் பிந்திப் போனால் குடியா முழுகிவிடும்?" அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் மூன்று பேர் எங்கள் ஊர்க்காரர்கள். அந்த மூன்று பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆம், குடி முழுகும்.

2025 ஜூன் 23ஆம் திகதி மாலை ஆறரைக்கு மட்டக்களப்பிலிருந்து வேன் புறப்பட்டது. அதற்கு முன் அக்கா பக்கத்துக் கடையில் தராசை இரவல் வாங்கி, அட்டைப்பெட்டியை மூன்று தடவை நிறுத்தாள். மாசிச் சம்பல், பொரித்த கருவாடு, முறுக்கு. நிறை கூடியதும் ஒரு முறுக்குப் பொதியை வெளியே எடுத்து வைத்தாள். பிறகு மனம் கேளாமல் பாதியைத் திரும்பத் திணித்தாள். ஹபரணையில் தேநீருக்கு நிறுத்தியபோது கைபேசியில் செய்தி வந்தது. கட்டாரில் அமெரிக்கப் படை இருக்கும் அல் உதைத் விமானத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை ஏவிய இரவு அது. கட்டார் தன் வான்வெளியை மூடிவிட்டது.

சில மணி நேரத்தில் திறந்துவிட்டார்களே என்கிறீர்கள். திறந்தார்கள், உண்மைதான். ஆனால் கட்டாரின் தோஹாவுக்குப் போகவேண்டிய விமானங்கள் அதற்குள் வேறு வேறு ஊர்களில் இறங்கி நின்றன. குலைந்த அட்டவணை மறுநாளே நேராகிவிடுமா? மருமகன் இரண்டு இரவுகள் அந்தத் தரையில் கிடந்தான். விடுமுறை முடிந்து பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் வெட்டப்படும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் அவன் வேலை செய்யும் இடத்தில். வேன்காரருக்குக் காத்திருப்புக் காசு, சாப்பாட்டுச் செலவு, வெட்டப்பட்ட சம்பளம். அக்காவின் காப்பு ஒன்று மறுபடியும் அடகுக்குப் போயிருக்கிறது. அதை மீட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை.

நான் சொல்வது இவ்வளவுதான்: வானத்தை மூடுகிறவர்கள் ஒரு பக்கம், அதற்கான காசைக் கட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒருபோதும் ஒரே வீட்டில் இருப்பதில்லை.

2017 ஜூன் மாதத்தில் சவூதியும் எமிரேட்சும் பஹ்ரைனும் எகிப்தும் சேர்ந்து, தங்கள் வானத்தையும் மூடி, கட்டாரைத் தள்ளிவைத்ததை மறந்துவிட்டோமா? 2021 ஜனவரி வரை மூன்றரை வருடம் கட்டார் விமானங்கள் ஈரானுக்கு மேலால் சுற்றிப் போயின. பாலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் கட்டார் பசுக்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது. பணமுள்ள நாட்டுக்கு வானம் மூடினாலும் பசு பறந்து வரும். எங்கள் பிள்ளைக்குத் தரையில் விரிக்க ஒரு துண்டுகூட இல்லை.

உக்ரேன் போர் தொடங்கியதும் ஐரோப்பா ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை மூடியது, ரஷ்யா பதிலுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்தில் போன விமானம் இப்போது பதின்மூன்று மணி நேரம் பறக்கிறது. அந்த நான்கு மணி நேர எரிபொருளின் விலை யாருடைய டிக்கெட்டில் ஏறும்? ஐரோப்பிய அமைச்சர்களின் டிக்கெட்டிலா?

தூரத்துக் கதை என்று தள்ளாதீர்கள். 2022 ஜூன் 2ஆம் திகதி கட்டுநாயக்கவில் ரஷ்யாவின் ஏரோஃபுளொட் விமானம் ஒன்றை மறித்து வைத்தார்களே, நினைவிருக்கிறதா? விமானத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது அயர்லாந்து நிறுவனம். உக்ரேன் போருக்காக ரஷ்யா மீது ஐரோப்பாவின் தடை வந்ததும் இப்படிப்பட்ட நிறுவனங்கள் ரஷ்யாவிடமிருந்து விமானங்களைத் திரும்பப் பெற முயன்றன. கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் வழக்கு, மொஸ்கோவில் எங்கள் தூதுவருக்கு அழைப்பாணை. ஏரோஃபுளொட் கொழும்புச் சேவையையே நிறுத்திவிட்டது. நாம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. டொலர் இல்லாத நாடு இருந்த உல்லாசப் பயணிகளையும் இழந்தது. சில நாட்களில் நீதிமன்றம் விமானத்தை மறித்த உத்தரவை நீக்கியது, ஆனால் விமானங்கள் திரும்பி வர ஒக்டோபர் ஆகிவிட்டது. பாசிக்குடாக் கடற்கரையில் முச்சக்கர வண்டி ஓட்டும் என் நண்பருக்கு அயர்லாந்து எங்கே இருக்கிறதென்று தெரியாது. அந்த வருடம் அவர் வண்டியின் தவணை பிந்தியது மட்டும் தெரியும்.

"அப்படியானால் ஏவுகணை பறக்கும் வானத்தில் பிள்ளைகளைப் பறக்க விடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. 2014இல் உக்ரேனுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச். 17 விமானத்தில் 298 பேர் இறந்தார்கள். ஆபத்து நேரத்தில் மூடுவது சரி, அதில் எனக்கு வாதமே இல்லை.

"தடை இல்லாமல் அநியாயக்காரர்களை எப்படி அடக்குவது? தென்னாபிரிக்காவை மறந்துவிட்டீர்களா?" மறக்கவில்லை. நிறவெறி அரசின் விமானங்களை ஆபிரிக்க நாடுகள் தங்கள் வானத்துக்குள் விடாதபோது, அவை கண்டத்தையே சுற்றிப் பறந்தன. அது நியாயம். ஆனால் ஈரானைப் பாருங்கள். அணு ஒப்பந்தத்துக்குப் பிறகு நூறு ஏர்பஸ் கேட்டார்கள்; 2018இல் அமெரிக்கா விலகி மறுபடி தடை விதிப்பதற்குள் வந்து சேர்ந்தவை மூன்றுதான். உதிரிப்பாகம் கிடைக்காத பழைய விமானங்களில் அங்கே யார் ஏறுகிறார்கள்? நோயாளியும் மாணவனும் வேலைக்குப் போகிறவனும்தான். இதை நான் சொன்னால் என்னை ஈரான் ஆதரவாளன் என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.

"காப்புறுதி எடுத்திருக்கலாமே" என்று அறிவுரை சொன்னவருக்கு: அந்தப் பத்திரத்தின் பின்பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். போர் என்ற சொல் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்கள். என் பெரியம்மா 1990இல் குவைத்தில் வீட்டு வேலை செய்தார். ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை உள்ளே வந்தது. நான்கு நாட்களில் ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தது, செப்டெம்பரில் விமானங்களுக்கும் தடை. முதலாளி குடும்பம் காரில் ஓடிவிட்டது. பெரியம்மாவின் கடவுச்சீட்டும் அவர்களோடு போய்விட்டது. லொறியிலும் நடையிலுமாக ஜோர்தான் எல்லைக்கு வந்து, பாலைவனத்துக் கூடாரத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் கிடந்தார். ஒரு போத்தல் தண்ணீரை நான்கு பெண்கள் மூடியால் அளந்து குடித்ததாகச் சொல்வார்.

கொழும்பில் வந்து இறங்கினால் இங்கே என்ன நிலை? அந்த ஜூனில்தான் மட்டக்களப்பில் மறுபடி போர் தொடங்கியிருந்தது. குவைத்திலிருந்து கொழும்புவரை உலகம் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புப் பக்கத்துச் செங்கலடிக்கு வர அவருக்கு வழி இல்லை. தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் மாதக்கணக்கில் இருந்தார். பிறகும் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி, ஏறித்தான் வந்தார்.

பாதை மூடினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இந்த ஊரில் பிறந்துவிட்டு, வழியில் தடுக்கப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வந்தது? உங்கள் வீட்டிலும் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறாரே. அந்தப் பணத்தில்தானே உங்கள் வீட்டுக்கு ஓடு போட்டீர்கள்?

அந்தப் பின்னூட்டத்தை நான் நீக்கியிருக்கலாம். நீக்குவதற்குள் அக்கா வாசித்துவிட்டாள். கைபேசியை என்னிடம் நீட்டி, "இவரை எனக்குத் தெரியும் தம்பி. இவருடைய தாயின் செத்த வீட்டுக்கு நான்தான் மூன்று நாள் சமைத்துக் கொடுத்தேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எழுதியவர் என்னிடம் எதுவும் சொல்லவேண்டாம். அக்காவின் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியும்.