ஒசிராக்ல குண்டு போட்டதோட கதை முடியல

"1981ல இஸ்ரேல் ஈராக்கோட ஒசிராக் அணு உலையில குண்டு போட்டுச்சு, அதோட சதாமோட அணுகுண்டு கனவு முடிஞ்சுது, ஈரானுக்கும் அதே வைத்தியம்தான்"னு சொல்றீங்க, அது பாதி உண்மைதாங்க. ஜூன் 7 அன்னைக்கு பிரான்ஸ் குடுத்த அந்த ரியாக்டர் அழிஞ்சது நிஜம். ஆனா அதுக்கப்புறம் சதாம் வேலைய நிறுத்தல, ரகசியமா மாத்திட்டார், ரியாக்டர் வழிய விட்டுட்டு யுரேனியம் செறிவூட்டுறதுல, அதாவது குண்டுக்கு உதவற வகை யுரேனியத்த தனியா பிரிச்சு சேக்கறதுல எறங்கி, பெரிய பெரிய காந்தம் வெச்சு பிரிக்கிற முறை, அதாவது இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்கா பயன்படுத்தின அதே பழைய முறை, அதுக்கு தார்மியாங்கிற எடத்துல ஆலையே கட்டினாங்க, வெளியில யாருக்கும் சரியா தெரியல. 1991 வளைகுடா போர்ல அவ்வளவு குண்டு விழுந்தும் நெறைய தப்பிச்சுது.

அத வெளிய கொண்டு வந்தது ஐநா தீர்மானம் 687 படி, அதாவது போர் முடிஞ்சதும் ஈராக்கோட ஆயுதங்கள சோதிக்கச் சொன்ன தீர்மானத்துபடி, உள்ள போன இன்ஸ்பெக்டர்ஸ்தான். 1991 ஜூன் மாசம் ஃபலூஜா பக்கத்துல ஈராக்காரங்க கருவிங்கள லாரில ஏத்திட்டு ஓடறப்போ இன்ஸ்பெக்டர்ஸ் துரத்திப்போய் போட்டோ எடுத்தாங்க, ஈராக் சிப்பாய்ங்க வானத்த பார்த்து சுட்டும் விடல, உயிர பணயம் வெச்ச வேலைங்க அது! போர்ல தோத்த நாடுங்கிறதாலதான் கதவு திறந்துச்சு, அதையும் ஒத்துக்கறேன். ஆனா 1981லயே முடிஞ்சுதுன்னு மட்டும் எழுதாதீங்க, தயவு செஞ்சு அந்த வரிய திருத்துங்க.