ஏசி சர்வேக்கு எம்ப்ளாயி ஐடி எதற்கு?

ஆபீஸ் வசதி பற்றிய சர்வே படிவத்தில் முதல் கட்டமே ‘எம்ப்ளாயி ஐடி’ என்றால், அதற்குக் கீழே வரும் எந்தப் பதிலையும் நான் நம்புவதில்லை. ஒருவர் தன் தலைக்கு மேலே ஏசி காற்று வரும் துவாரத்தில் அட்டையை வெட்டி செல்லோடேப் போட்டு ஒட்டியிருப்பார். நாற்காலி முதுகில் வருஷம் முழுக்க ஒரு சால்வை கிடக்கும். அதே ஆள் படிவத்தில் ‘திருப்தி’ என்று டிக் அடித்திருப்பார். மேனேஜருக்கு 20 டிகிரிதான் பிடிக்கும் என்று ஃப்ளோர் முழுக்கத் தெரிந்திருக்கும்போது, வேறு என்ன எழுதுவார்? அதிலும் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

குளிர்கிறது என்று சொல்பவரை நச்சரிப்பவராகப் பார்ப்பதில்தான் கோளாறே. அறைக்குள் எந்தச் சூடு, குளிர் மனிதருக்கு ஒத்துவரும் என்று ஆராய்ந்த டென்மார்க்கின் ஃபாங்கர் 1970-இல் நூலாக வெளியிட்ட கணக்குப்படி, எல்லாம் கச்சிதமாக அமைந்த அறையிலும் 5 சதவீதம் பேருக்குத் திருப்தி இருக்காது. அமெரிக்காவின் ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 55-ஆம் எண் தரநிலை, 80 சதவீதம் பேர் அறையின் சூடு, குளிரை ஏற்றுக்கொள்வதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. ஆக, குறை சொல்ல ஆள் இருப்பார்கள் என்பது கட்டடம் கட்டும்போதே தெரிந்த விஷயம். அவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தானே சர்வே?

‘ஆள் தெரியாமல் எப்படிச் சார் சரிசெய்வது?’ என்று பெசிலிட்டி டீம் கேட்கும். இடம் தெரிந்தால் போதாதா? எத்தனையாவது மாடி, எந்தத் திசை, கண்ணாடி ஓரமா நடுவிலா, காலையிலா மதியமா. மேற்குப் பார்த்த கண்ணாடி ஓரம் மதியம் மூன்று மணிக்கு வேகிறது என்று பத்துப் பேர் சொன்னால், பிளைண்ட்ஸ் போட அவர்கள் பெயர் எதற்கு?

பெயரை எடுத்துவிட்டு வயது, பாலினம், டீம் மூன்றையும் கேட்பவர்களும் உண்டு. நாலு பேர் டீமில் ஒரே ஒரு பெண் என்றால் அது பெயர் கேட்டதுபோலத்தான். ஐந்து பேருக்குக் குறைந்த குழுவின் பதிலைத் தனியாகக் காட்டவே கூடாது. லாகின் கேட்காத லிங்க்காகவும் இருக்க வேண்டும். பேன்ட்ரி சுவரில் ஒரு க்யூஆர் ஒட்டினால் வேலை முடிந்தது.

அப்புறம், ஆபீஸ் மெயில் இல்லாத ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும் செக்யூரிட்டி அண்ணன்களும் அப்போதுதான் இந்த சர்வேக்குள்ளேயே வருவார்கள். தானியங்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் ஏசியும் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க நிற்பவரிடம் எந்தப் படிவமும் இதுவரை போனதில்லை. அவர்களுக்காகத் தமிழிலும் இந்தியிலும் ஒன்று போடுங்கள், சார்.