ஹிலரிக்கு முன்பே தொடங்கிய கதை

"ஹிலரி கிளின்டனுக்கு முன்பு அமெரிக்க அதிபரின் மனைவிக்கு விருந்து வைப்பதும் ரிப்பன் வெட்டுவதும்தான் வேலை, அதைச் சம்பளமுள்ள அரசுப் பதவியாக்கியதே அவர்தான்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

சம்பளம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அரசியலமைப்பில் அப்படியொரு பதவியே கிடையாது. அதிபருக்கு உதவும் வாழ்க்கைத் துணைக்கு அலுவலர்களைத் தரலாம் என்கிறது 1978-ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வளவுதான். அதுவும் ஹிலரிக்கு முன்பே, அதிபர் கார்ட்டர் காலத்தில் வந்தது.

அப்புறம் அந்த விருந்து விஷயம். 1919-இல் அதிபர் வில்சன் பக்கவாதத்தில் படுத்தபோது எந்தக் கோப்பு அவர் கட்டிலுக்குப் போகலாம் என்று முடிவு செய்தது மனைவி எடித் (இது பாராட்டத்தக்கதா என்பது வேறு சண்டை). அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் 1933-இலேயே செய்தியாளர் சந்திப்புகளைத் தொடங்கி, பெண் நிருபர்களை மட்டும்தான் உள்ளே விட்டார், அதனால் பெண் நிருபர் இல்லாத செய்தி நிறுவனம் ஆள் தேட வேண்டியதாயிற்று. 1935 கடைசியிலிருந்து பத்திரிகையில் பத்தி வேறு எழுதினார், 1962 வரை. கார்ட்டரின் மனைவி ரோசலின் அமைச்சரவைக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார், 1979-இல் மனநலம் பற்றி செனட் குழு முன் சாட்சியம் சொன்னார்.

ஹிலரி செய்ததில் புதிது எது என்றால், அதிபரும் அவருடைய ஆலோசகர்களும் வேலை செய்யும் வெள்ளை மாளிகையின் மேற்குப் பிரிவில் அலுவலகம் வைத்துக்கொண்டதும், 1993-இல் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியதும். அந்தக் குழுவின் மூடிய கூட்டங்களை எதிர்த்து மருத்துவர்கள் சங்கம் ஒன்று வழக்குப் போட, அரசு அலுவலர் அல்லாதவர் இருக்கும் ஆலோசனைக் குழுக்கள் திறந்த கூட்டம் நடத்த வேண்டும் என்கிற சட்டத்துக்கு மட்டும் அவரை அரசு அலுவலராகக் கருதலாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 'அரசுப் பதவி' கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.