பழம் என்று பெயர் வாங்கியவனின் காதல்

'லூசர்' என்கிற ஹாலிவுட் காமெடிப் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டார்கள். ஒருவன் மட்டும் "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். 2000 ஜூலையில் வந்து, விமர்சகர்களிடம் அடி வாங்கி, தியேட்டரிலும் தேறாமல் போன படம். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. மீதி ஆட்களில் நானும் ஒருவன். ஆனால் போன வாரம் மறுபடி பார்த்தபோது, பிடிக்காதவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. பால் டானெக் அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர்க்காரன். படிப்பில் கெட்டி. உதவித்தொகை கிடைத்து நியூயார்க் போய்க் கல்லூரியில் சேருகிறான். காதை மூடும் குல்லா, யாரைப் பார்த்தாலும் பணிவு, கேட்டால் உதவி. அறைத் தோழர்கள் மூன்று பேரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். பார்ட்டி, குடி, பெண்கள் தவிர வேறு சிந்தனை கிடையாது. பாலை அறையை விட்டே துரத்துகிறார்கள். அவன் போய்த் தங்கும் இடம் ஒரு கால்நடை மருத்துவமனை. நாய், பூனைகளுக்கு நடுவில் படுக்கை.

அதே வகுப்பில் டோரா. ஃபீஸ் கட்டுவதற்காக, ஆடை அவிழ்ப்பு நடனம் நடக்கும் கிளப்பில் ராத்திரி பானங்கள் பரிமாறுகிறாள். பாடம் எடுக்கும் இலக்கியப் பேராசிரியரோடு அவளுக்கு ரகசிய உறவு. அந்த ஆளோ அவளை வெளியில் தெரியாதவரை மட்டும் வேண்டும் என்கிற ரகம். பாலுக்கு டோரா மேல் காதல். கதை அவ்வளவுதான்.

நான் முதலில் பார்த்தது 2003இல், சென்னையில் ஹாஸ்டலில். பர்மா பஜாரில் வாங்கிய விசிடி. அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதைச் சுற்றி பதினோரு பேர். ஏன் அந்தக் கூட்டம் என்றால் டிஸ்க் அட்டையில் பாலாக நடித்த ஜேசன் பிக்ஸும் டோராவாக நடித்த மெனா சுவாரியும் இருந்தார்கள். இரண்டு பேரும் 'அமெரிக்கன் பை' என்கிற 'ஏ' ரகக் காமெடியில் வந்தவர்கள். அதே மாதிரி ஏதாவது இருக்கும் என்று கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். இருபது நிமிடத்தில் ஏழு பேர் எழுந்து போய்விட்டார்கள். "மொக்கைடா, ஒண்ணுமே இல்ல." இதுதான் நான் கேட்ட முதல் விமர்சனம். இன்றுவரை பெரும்பான்மைக் கருத்தும் இதுதான்.

அதில் தப்புச் சொல்ல முடியாது. விற்றது ஒன்று, கொடுத்தது இன்னொன்று. பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனமாக இருக்கட்டும் என்று மட்டும் சொல்கிற அமெரிக்கச் சான்றிதழோடு வந்த படத்திடம் போய் நாங்கள் எதிர்பார்த்தது எங்கள் தப்பு என்றும் சொல்லலாம். எங்களுக்கு அந்தச் சான்றிதழெல்லாம் யார் சொன்னது?

நான் எழுந்து போகாததற்குக் காரணம் அந்தக் குல்லா. லூசர் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? தோற்றவன் என்றால் சரியாக வராது. தோற்க வேண்டுமென்றால் முதலில் போட்டியில் இருக்க வேண்டுமே. எங்கள் ஹாஸ்டல் மொழியில் அதற்குச் சரியான சொல் இருந்தது: பழம். ஒழுங்காக வகுப்புக்குப் போவான், சாரை சார் என்பான், வீட்டுக்கு வாரம் ஒரு கடிதம் போடுவான். அவன் பழம். நான் ஊரிலிருந்து வரும்போது அம்மா ஒரு மங்கி குல்லா வாங்கிக் கொடுத்திருந்தார். பனி தலையில் இறங்கிவிடும் என்கிற பயம் அவருக்கு. சென்னையில் என்ன பனி? நானும் யோசிக்காமல் மார்கழியில் ஒருநாள் அதை மாட்டிக்கொண்டு காலை மெஸ்ஸுக்குப் போனேன். இட்லி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். நாலு வருடமும் நான் 'குல்லா'தான். இப்போதும் அந்தக் குழுவில் இரண்டு பேர் என் நம்பரை அந்தப் பெயரில்தான் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஆக, ஜேசன் பிக்ஸ் அந்தக் குல்லாவோடு நியூயார்க் தெருவில் நடந்தபோது நான் படம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன். என் கருத்தை எடைபோடும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது இரண்டாவது கட்சி. என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழி சொன்னது. "அவன் எதுவுமே பண்றதில்லை. நல்லவனா இருக்கான், காத்திருக்கான், கடைசியில பரிசு மாதிரி அவ கிடைக்கிறா. நல்லவனா இருந்தா பொண்ணு கிடைக்கும்னு சொல்ற கதை எனக்கு அலர்ஜி." இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் பாதிதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. பால் டோராவிடம் எதையும் கேட்பதில்லை. பின்னால் சுற்றுவதில்லை, 'இவ்வளவு செய்தேனே' என்று கணக்குக் காட்டுவதில்லை. அவள் இன்னொருவனை விரும்புகிறாள் என்று தெரிந்த பிறகும் அவளோடு பேசுகிற தொனி மாறுவதில்லை. நாயகி முடியாது என்றாலும் இடைவேளை வரை துரத்துவதைக் காதல் என்று கைதட்டிப் பழகிய கண்களுக்கு இது எவ்வளவு வித்தியாசமாகப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2003இல் அந்த அறையில் கடைசிவரை இருந்த நாலு பேருக்கும் அது வித்தியாசமாகத்தான் பட்டது.

மூன்றாவது கருத்துதான் என்னை நிஜமாக உலுக்கியது. அக்கா மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம். போன வாரம் என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். அந்த மூன்று பயல்களும் பால் தங்கியிருக்கும் கால்நடை மருத்துவமனையிலேயே பார்ட்டி வைக்கிறார்கள். டோராவின் பானத்தில் மயக்க மருந்து கலந்துவிடுகிறார்கள். அதே நேரத்தில் பால் ஓர் இசைநிகழ்ச்சியில் அவளுக்காகக் காத்து நின்றுகொண்டிருக்கிறான். திரும்பி வந்தால் அவள் சுயநினைவு இல்லாமல் கிடக்கிறாள். அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். அக்கா மகள் படத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, இது கிரைம். இதைப் போய் காமெடின்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

பதில் இல்லை. உண்மையில் அந்தப் பயல்கள் செய்வது பிடித்து உள்ளே போட வேண்டிய வேலை. படம் அவர்களைக் கெட்டவர்களாகத்தான் காட்டுகிறது, அதைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வரும் காட்சிகளில் எல்லாம் பின்னணி இசை குறும்புக்காரப் பிள்ளைகளுக்குப் போடுவது மாதிரியே ஓடுகிறது. அப்புறம் அந்தப் பேராசிரியர் விவகாரம். தன் வகுப்பு மாணவியோடு உறவு வைத்துக்கொண்டு, அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தன் வேலைக்கு ஆபத்து வருமே என்று ஒதுங்கிக்கொள்கிற ஆள். க்ரெக் கின்னியர் அதை அருமையாகச் செய்திருப்பார், அந்த வழவழப்பு அப்படியே வரும். அந்த மூன்று பயல்களும் உறவைத் தெரிந்துகொண்டு மார்க் போடச் சொல்லி அவரை மிரட்டுகிறார்கள். 2003இல் இதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். நான் உட்படத்தான். இப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் இந்தப் படம் சறுக்கியது இதனால்தான் என்று நான் நினைக்கவில்லை. இருட்டான விஷயத்தை எடுத்துக்கொண்டு சிரிக்க வைக்கலாம். அதற்கு ஆதாரம் இந்தப் படத்தின் தாத்தாவே இருக்கிறது.

பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்', 1960. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் உட்பட ஐந்து ஆஸ்கர்கள். அதில் ஜாக் லெமன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா, பெயர் பாக்ஸ்டர். மேலதிகாரிகள் ரகசியமாகப் பெண்களை அழைத்து வருவதற்குத் தன் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறான். லிஃப்ட் இயக்கும் பெண்ணாக ஷெர்லி மெக்லேன். அவளை இவன் விரும்புகிறான். அவளோ இவனுடைய பெரிய முதலாளியோடு உறவில் இருக்கிறாள். நாடக டிக்கெட்டோடு தியேட்டர் வாசலில் பாக்ஸ்டர் அவளுக்காகக் காத்து நிற்கிறான், அவள் வருவதில்லை. ஒருநாள் அவள் இவன் வீட்டிலேயே தூக்க மாத்திரைகளை அள்ளி விழுங்கிவிடுகிறாள். இவன்தான் காப்பாற்றிப் பார்த்துக்கொள்கிறான். இப்போது 'லூசர்' கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பதில் கால்நடை மருத்துவமனை, முதலாளிக்குப் பதில் பேராசிரியர், நாடகத்துக்குப் பதில் ராக் கச்சேரி, மாத்திரைக்குப் பதில் மயக்க மருந்து. ஜாடை அப்படியே இருக்கிறது, படம் வந்த காலத்திலேயே பலர் இதைச் சொல்லிவிட்டார்கள்.

இது குற்றச்சாட்டு இல்லை. இயக்குநர் ஏமி ஹெக்கர்லிங்குக்கு இது கைவந்த கலை. 1995இல் வந்த அவருடைய 'க்ளூலெஸ்' ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பணக்காரப் பள்ளிக்கூடத்தில் வைத்த படம்தான். அது எல்லாருக்கும் பிடித்தது. இது ஏன் பிடிக்கவில்லை? நான் இருபது வருடமாக விடை தெரியாமல் வைத்திருந்த கேள்வி.

'க்ளூலெஸ்' நாயகி தப்புத் தப்பாகச் செய்வாள். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு மற்றவர் வாழ்க்கையில் மூக்கை நுழைப்பாள், அசடு வழிவாள், அப்புறம் புத்தி வரும். பாக்ஸ்டரோ இன்னும் மோசம். அவன் ஒன்றும் அப்பாவி கிடையாது. சாவி கொடுப்பது பதவி உயர்வுக்காக. தான் விரும்பும் பெண்ணை முதலாளி அழைத்து வருவதும் தன் வீட்டுக்குத்தான் என்று தெரியும்போது அவன் முகத்தில் விழும் நிழல் இருக்கிறதே, அதில் காதல் தோல்வி பாதி, தன் மேலேயே வரும் அருவருப்பு பாதி. அதனால்தான் கடைசியில் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும்போது நமக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

பால் டானெக்கிடம் அப்படிக் கொடுக்க மறுப்பதற்கு ஒன்றுமே இல்லை. முதல் காட்சியில் எவ்வளவு நல்லவனோ கடைசிக் காட்சியிலும் அவ்வளவே நல்லவன். அவன் யாருக்கும் விலைபோகவில்லை, எந்தப் பொய்யிலும் பங்கு வாங்கவில்லை. ஒரு தடவையாவது பொறாமையில் அந்தப் பேராசிரியரைக் காட்டிக் கொடுக்கலாமா என்று அவன் மனசு தடுமாறியிருந்தால், அறைத் தோழர்களோடு சேர்ந்துகொள்வதற்காக ஒரு சின்ன அயோக்கியத்தனத்துக்காவது தலையாட்டியிருந்தால், படம் எழுந்து நடந்திருக்கும். ஒதுக்கப்பட்டவன் என்றால் தப்பே செய்யாதவனாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள். ஹாஸ்டலில் 'குல்லா' என்று பெயர் வாங்கியவன் சொல்கிறேன், நாங்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. எனக்குப் பெயர் வைத்த கும்பலில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அடுத்த வருடம் புதிதாக வந்த ஒரு பையனுக்குப் பெயர் வைத்தது நான்தான். என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் பிடிக்கும் என்கிறேன்? காசு. காதல் படங்களில் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குக் காசுக் கவலையே இருக்காது. இந்தப் படத்தில் எல்லாமே காசுதான். யார் ஃபீஸ் கட்டுவது, எங்கே தூங்குவது, வேலை போனால் என்ன செய்வது. டோரா அந்தப் பேராசிரியரிடம் ஒட்டிக்கொண்டிருப்பதில் காதலும் இருக்கிறது, இந்த நகரத்தில் ஒரு கூரை வேண்டும் என்கிற களைப்பும் இருக்கிறது. பிராட்வே நாடகத்துக்கு டிக்கெட் வாங்க வசதி இல்லாமல், இடைவேளையில் வெளியே வந்த கூட்டத்தோடு கலந்து பாலும் டோராவும் உள்ளே நுழைந்து பாதி நாடகம் பார்க்கும் காட்சி ஒன்று வரும். படத்திலேயே எனக்கு அதிகம் பிடித்த இடம் அது. ஹெக்கர்லிங் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். காசில்லாமல் அந்த ஊரில் எப்படிப் பொழுது போக்குவது என்பது தெரிந்த ஒருவர் எழுதிய காட்சி அது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு வேடிக்கை. படத்தை மறந்த உலகம் அதில் வந்த ஒரு பாட்டை மறக்கவில்லை. வீட்டஸ் குழுவின் 'டீனேஜ் டர்ட்பேக்', ஆஸ்திரேலியாவில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாம் இடம். பாட்டின் வீடியோவிலும் பிக்ஸும் சுவாரியும்தான். 2022இல் ஆளாளுக்குத் தங்கள் பழைய பதின்வயது போட்டோக்களை அந்தப் பாட்டோடு போட்டுத் தள்ளினார்களே, அதே பாட்டுத்தான். அக்கா மகளுக்கு அது மனப்பாடம். "இது இந்தப் படத்துப் பாட்டா?" என்று கேட்டபோது மட்டும்தான் அவள் முகத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை தெரிந்தது.

அவளை விடாமல் பிடித்து நேற்று 'தி அபார்ட்மென்ட்' போட்டுக் காட்டினேன். கறுப்பு வெள்ளை என்றதும் மொபைலைக் கையில் எடுத்தாள். பாக்ஸ்டர் ஸ்பகெட்டியை டென்னிஸ் மட்டையில் போட்டு வடிகட்டும் இடத்தில் சிரித்துவிட்டாள். அதற்கு முன்பே, கிறிஸ்துமஸ் அன்று காலை பாக்ஸ்டர் முதலாளிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்ல, அவர் ஒதுங்கிக்கொள்ள, இவன் அந்தப் பெண்ணிடம் வந்து "அவர் ரொம்பக் கவலைப்பட்டார்" என்று பொய் சொல்லும் இடத்தில் மொபைல் சோபாவுக்குக் கீழே போயிருந்தது. படம் முடிந்து எழுந்தவள் கதவருகில் நின்று கேட்டாள்.

"மாமா, அந்தக் குல்லாவை இன்னும் வச்சிருக்கீங்களா?"

பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறேன்.