பச்சைத் தலை மைல்கற்களுக்கு யார் பொறுப்பு?

ஓசூரிலிருந்து தர்மபுரிக்கு வர வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கிருஷ்ணகிரி வழி. ஒரு காலத்தில் தேசிய நெடுஞ்சாலை 7, இப்போது 44. பாலக்கோட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு அது 'சுற்றுவழி'. எங்கள் சாலை உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, பாலக்கோடு என்று ஊர் ஊராக நுழைந்து வருவது. அரசு ஆவணங்களில் மாலூர்–ஓசூர்–அதியமான்கோட்டைச் சாலை, மாநில நெடுஞ்சாலை 17; அதனால்தான் அதன் மைல்கற்களுக்குப் பச்சைத் தலை. இன்று அந்தத் தடத்தின் பெயர் தேசிய நெடுஞ்சாலை 844. பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையே ஓடுபவர்களுக்காக, ஊர்களை விட்டு விலகி நான்கு வழியாகப் போகும் சாலை அது.

புதிய சாலை வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போன யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் விலக்கிவிட்ட பழைய தடத்தை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. என் கோபம் அதில்தான்.

இந்தச் சாலை நேற்று முளைத்ததில்லை. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து பாராமகாலுக்கு (கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியின் பழைய பெயர்) இறங்கும் கணவாயைக் காத்து நின்றது ராயக்கோட்டை. 1791இல் கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) அதைப் பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கொடுத்தார். ஓசூர்ப் பகுதி மைசூரிடமே இருந்தது. 1799 வரை ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் நடுவே இரண்டு அரசுகளின் எல்லை! இன்று பஸ்ஸில் தூங்கியபடியே அதைக் கடந்துவிடுகிறோம். ஓசூர் முனையில் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, தர்மபுரி முனையில் அதியமானின் பெயர் தாங்கிய கோட்டை. ஒருமுறை ரயிலும் இந்தப் பக்கம் வந்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை குறுகலான தண்டவாளப் பாதை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. இன்றைய அகலப்பாதை பிற்காலத்து வரவு.

வரலாறு ஒருபுறம் இருக்கட்டும். சாலை பிழைத்திருப்பது தக்காளியால். ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளுக்கு விடியுமுன்னே பெட்டி ஏற்றிய டெம்போக்கள் வருவது பழைய சாலையில்தான். தோட்டத்திலிருந்து மண்டிக்கு வருபவருக்கு நான்கு வழிச் சாலையால் பெரிய பயன் இல்லை. ஏறி இறங்க வேண்டிய இடமே தொலைவில் இருக்கும். பாலக்கோடு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுவருபவருக்கும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகள், டவுன் பஸ், பால் கேன் வண்டி எல்லாம் இதே கணக்கு. நீண்டதூர லாரிகள் போய்விட்டதால் பழைய சாலைக்கு வேலை குறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் காலை ஐந்து மணிக்கு மண்டி வாசலில் வந்து நின்று பார்க்கட்டும்.

புளியமரங்கள் இன்னொரு வயிற்றெரிச்சல். தர்மபுரிப் புளிக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. சாலையோர மரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவது இங்கே வழக்கம். நிழலும் கொடுத்து வருமானமும் கொடுக்கும் மரத்தைச் சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டுகிறோம், பிறகு நடுத்திட்டில் அரளி நடுகிறோம். அரளியை யார் ஏலம் எடுப்பார்கள்?

மைல்கல்லின் தலை பச்சையாக இருந்தால் மாநிலச் சாலை, மஞ்சள் என்றால் தேசியச் சாலை. புதிய தடத்துக்கு மஞ்சள் கிடைத்துவிட்டது. ஊருக்குள் இருக்கும் பழைய துண்டுகளைப் பச்சையாகவே வைத்து, மாநில நெடுஞ்சாலைப் பட்டியலில் ஓர் எண் கொடுத்து, ஆண்டுப் பராமரிப்பில் சேர்க்க வேண்டும். தப்பியிருக்கும் புளியமரங்களுக்கு எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இந்த வழியில் இருக்கும் ஊராட்சிகள் ஒவ்வொன்றும் அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகப் போடலாம். எங்கள் ஊரில் நான் எழுதிக் கொடுக்கப்போகிறேன். உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை நண்பர்கள் வாசகம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.