முகத்தை வரைந்தால் சொந்தமாகிவிடுமா?

ஓர் ஓவியர் தனக்கு முந்தைய ஓவியரை வரைந்துவிட்டால் போதும், உடனே 'ஆன்மிக உறவு', 'ஆத்ம பந்தம்' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. முகச்சாயலைக் கொண்டுவருவது கை பழகியவர்களுக்கு வந்துவிடும். அந்த ஆள் உலகத்தை எப்படிப் பார்த்தார் என்பது அவ்வளவு சுலபத்தில் வராது.

இருபதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஓவியர் பிரான்சிஸ் பேகன் 1956-57இல் டச்சு ஓவியர் வான்கோவை வைத்து ஒரு வரிசையே வரைந்தார். மூலம், வான்கோ 1888இல் தீட்டிய ஒரு படம்: தொப்பியும் மூட்டையுமாக வெயிலில் தெற்கு பிரான்ஸின் தாரஸ்கோன் சாலையில் நடந்துபோகும் ஓவியன் (வான்கோவேதான்), காலடியில் கன்னங்கரேலென்று நிழல். அது இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோனது. பேகன் பார்த்தது அச்சுப் பிரதியைத்தான். வான்கோ இறந்து 19 வருடம் கழித்துப் பிறந்தவர்; ஆளையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. ஆனாலும் அதுவரை இருட்டிலேயே உழன்றுகொண்டிருந்த அவருடைய கேன்வாஸில் திடீரென்று சிவப்பும் மஞ்சளும் பச்சையும், அப்பி வைத்த மாதிரி கனமாக. சில படங்களில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கரும்பூச்சு. முகத்தை விட்டுவிட்டு வான்கோவின் கையை எடுத்துக்கொண்டார்.

தில்லியில் இருக்கும் நமக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பவர் ஓவியர் அம்ரிதா ஷெர்கில். 1934, பாரிஸ், வயது 21. தன்னைப் பசிபிக் கடலின் தாஹித்தித் தீவுப் பெண்ணாக வரைந்துகொண்டார். அந்தத் தீவுப் பெண்களை வரைந்து பேர் வாங்கிய பிரெஞ்சு ஓவியர் பால் கோகன், அம்ரிதா பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்ரிதா அவர் முகத்தை வரையவே இல்லை. கோகன் முன்னால் நின்ற பெண்ணின் இடத்தில் தானே போய் நின்றுகொண்டார். இடுப்புக்கு மேல் ஆடையில்லை, கூந்தலைப் பின்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார், பார்வை நம்மீது இல்லை. பின்னால் ஓர் ஆணின் நிழல். அது கோகனோ வேறு யாரோ, அந்தப் படத்தில் ஆணுக்கு நிழலாக நிற்கத்தான் இடம்.

நம் வழக்கம் வேறு. திருத்தொண்டத் தொகையில் சுந்தரர் தமக்கு முந்திய அப்பரையும் சம்பந்தரையும் சொல்லும்போது அடியேன் என்று தாழ்ந்து நிற்பார். தியாகராஜர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கச்சேரியைத் தொடங்குவதும் அதே மரபுதான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அம்ரிதாவிடம் அந்தப் பணிவு கிடையாது. கோகனிடம் வாங்கிக்கொண்டே அவரோடு வழக்கும் பேசுகிறார். சொந்தக்காரர்களுக்குள்தானே வழக்கு வரும்!

அப்புறம் நிஜமான ரத்த சொந்தம்: ஓவியர் விவான் சுந்தரம், அம்ரிதாவின் தங்கை மகன். (அப்பா கே.வி.கே. சுந்தரம் தமிழர், நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். எதற்கெடுத்தாலும் 'நம்ம ஆள்' என்று கொண்டாடும் தில்லித் தமிழர்கள் இதை எப்படி விட்டுவைத்தார்களோ!) பெரியம்மா இறந்தது 1941இல், இவர் பிறந்தது 1943இல். தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய புகைப்படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டி, வெவ்வேறு காலத்து அம்ரிதாக்களையும் தாத்தாவையும் ஒன்றாக நிறுத்தினார். 2001-02இல் செய்த அந்த வரிசைக்கு 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா' என்று பெயர். ரத்தம் ஒன்றாக இருந்தும், அவரும் படத்தின் வழியாகத்தான் பெரியம்மாவிடம் போய்ச் சேர முடிந்தது.

என்னைக் கேட்டால், கோகனோடு அம்ரிதாவுக்கு இருந்த உறவு 1934 படத்தைவிட 1937இல்தான் முழுசாகத் தெரிகிறது. அஜந்தாவைப் பார்த்துவிட்டு, தெற்கே கன்னியாகுமரி வரை வந்துபோன பிறகு வரைந்த 'பிரம்மச்சாரிகள்' படத்தில் வெள்ளை வேட்டியும் பழுப்பு உடம்புமாக உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பாருங்கள். தட்டையான நிறப்பரப்பு கோகனுடையது, அமைதி அஜந்தாவுடையது. தாஹித்தி என்ற பேச்சே இல்லை. இந்தப் படம் தில்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீன ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இந்தியா கேட் வரை போகிறவர்கள் அப்படியே ஒரு எட்டு உள்ளே போய், இப்போது சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.