காற்றிடம் ஒரு முறையீடு

பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடல் வெறும் புலம்பல் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘விம்மி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் நமக்கே மூச்சு முட்டும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் கூலிகளாக உழைத்த நம் நாட்டுப் பெண்கள் அழுத குரலை நீ கேட்டிருப்பாயே என்று காற்றிடம் முறையிடுகிறார் பாரதி. கேட்க வேண்டிய மனிதர்கள் கேட்கவில்லை என்ற ஆற்றாமைதானே அது? அப்புறம் கடைசியில் காளியை அழைக்கும்போது அழுகை கோபமாகிவிடுகிறது. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்களை ஐந்தாண்டுக் கூலி ஒப்பந்தத்தில் அங்கே கப்பலேற்றினார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. நம் ஊர்ப் பெண்களும் அவற்றில் இருந்தார்கள். கட்டுரையில் இதையும் சொல்லியிருக்கலாம்.